கம்ப்யூட்டருக்கும் சிப்புக்கும் நடுவில்

ஆர்டுயினோ போர்டு ஒன்றைப் புதிதாக வாங்கி வருபவர்களில் பெரும்பாலோர் நிரல் எழுதும்போது தடுமாறுவதில்லை. அதற்கு முன்பே தடுமாறிவிடுகிறார்கள். போர்டைச் செருகுகிறார்கள், அதில் விளக்கு எரிகிறது. மென்பொருளைத் திறந்து அப்லோடு பொத்தானை அழுத்துகிறார்கள். கீழே சிவப்பு எழுத்தில் நாலைந்து வரி வந்து நிற்கிறது. "அப்லோடு ஆகமாட்டேங்குது" என்கிறார்கள். இந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் ஆறேழு விதமான கோளாறுகள் இருக்கலாம். கேபிள் சரியில்லாமல் இருக்கலாம், டிரைவர் இல்லாமல் இருக்கலாம், மெனுவில் தப்பான பெயரைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். எதுவானாலும் வெளியே தெரிவது அதே சிவப்பு எழுத்துதான்.

ஆகவே எதை அழுத்த வேண்டும் என்ற பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, நீங்கள் எழுதும் நிரல் கம்ப்யூட்டரிலிருந்து சிப்புக்குள் எந்த வழியாகப் போகிறது என்று ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிடுவது நல்லது. வழி தெரிந்தவருக்கு, வண்டி எங்கே நின்றது என்று கண்டுபிடிப்பது சுலபம்.

பேசுவதற்கு ஆர்டுயினோ போர்டுகளில் ஊனோவையே எடுத்துக்கொள்வோம். 2010-இல் வந்த போர்டு. அதன் மூன்றாவது திருத்தமான ஆர்3-தான் பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் இன்னும் அதிகம் புழங்குவது. அதைவிட வேகமான, மலிவான போர்டுகள் இப்போது நிறைய வந்துவிட்டன. ஆனால் தப்புச் செய்தால் தாங்குவதிலும், மாட்டிக்கொண்டால் உதவி கிடைப்பதிலும் ஊனோவை மிஞ்சியது இல்லை என்பது என் எண்ணம்.

முதலில் மென்பொருளை இறக்கத் தொடங்கிவிடுங்கள். ஆர்டுயினோவின் சொந்தத் தளத்திலேயே ஆர்டுயினோ ஐடிஇ என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. தரவிறக்கும் பக்கத்தில் நன்கொடை கேட்பார்கள். கொடுக்க மனமிருந்தால் கொடுக்கலாம். இல்லாவிட்டால் 'ஜஸ்ட் டவுன்லோடு' என்பதை அழுத்தினால் போதும். இப்போதைய இரண்டாம் பதிப்புக்கு விண்டோஸ் 10 அல்லது அதற்குப் பிந்தைய 64 பிட் கம்ப்யூட்டர் வேண்டும். வீட்டில் இருப்பது விண்டோஸ் 7 ஓடும் பழைய மெஷின் என்றால், அதே பக்கத்தில் கீழே 1.8.19 என்ற பழைய பதிப்பு இருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். பழையது என்று தயங்க வேண்டாம், ஊனோவுக்கு அது தாராளம்.

அது இறங்கட்டும். டீயை எடுத்துக்கொண்டு வாருங்கள், அதற்குள் போர்டைக் கையில் வைத்துப் பார்த்துவிடலாம்.

நடுவில் நீளமாக, இரண்டு பக்கமும் 14, 14 என்று 28 கால்களோடு இருக்கிறதே, அதுதான் மைக்ரோகன்ட்ரோலர். ஏடிமெகா328பி என்று பெயர். சில மலிவு போர்டுகளில் அதே சிப் சின்னச் சதுரமாகப் பலகையோடு ஒட்டியிருக்கும், வேலை ஒன்றுதான். நீங்கள் எழுதும் நிரல் இதற்குள்தான் போய் உட்காரப்போகிறது. நிரலை வைத்துக்கொள்ள 32 கேபி இடம், ஓடும்போது கணக்குப் போட 2 கேபி நினைவகம், விநாடிக்கு 1 கோடியே 60 லட்சம் துடிப்பு. செல்போன் பழகிய கண்ணுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு செடிக்குத் தண்ணீர் விடவோ, தொட்டி நிரம்பினால் மோட்டாரை நிறுத்தவோ இதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேவைப்படாது.

இந்தச் சிப்புக்கு யூஎஸ்பி தெரியாது. புதிதாக வருபவர்களுக்கு யாரும் சொல்லாமல் விடும் விஷயம் இது. ஏடிமெகா328பி தயாராகும்போதே அதற்குள் யூஎஸ்பி பேசும் உறுப்பு வைக்கப்படவில்லை. அதற்குத் தெரிந்தது சீரியல் என்ற பழைய, எளிய முறை: ஒரு கம்பியில் அனுப்பும், இன்னொரு கம்பியில் வாங்கும். உங்கள் கம்ப்யூட்டரிலோ அந்தப் பழைய சீரியல் துளை இப்போது பெரும்பாலும் இல்லை, யூஎஸ்பி மட்டுமே. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவுக்கு வந்தவர்களின் தமிழ் புரியாது, வந்தவர்களுக்கு அவர் பிரெஞ்சு புரியாது, நடுவில் ஆனந்தரங்கப் பிள்ளை துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தார் அல்லவா? ஊனோவிலும் ஒரு துபாஷி உண்டு. யூஎஸ்பி கேபிள் செருகும் உலோகப் பெட்டிக்குப் பக்கத்தில் தேடுங்கள், சின்னதாக இன்னொரு சிப் தெரியும். கம்ப்யூட்டர் பேசுவதெல்லாம் அதனிடம்தான். அது மொழிமாற்றிப் பெரிய சிப்புக்குச் சொல்லும். பெரிய சிப் சொல்வதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டரின் கண்ணுக்குத் தெரிவது துபாஷி மட்டும்தான், பின்னால் உட்கார்ந்திருக்கும் பெரியவரை அது பார்ப்பதே இல்லை.

இதைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது. ஏனென்றால் போர்டுக்குப் போர்டு மாறுவது பெரும்பாலும் இந்தத் துபாஷிதான். இத்தாலியிலிருந்து வரும் அசல் ஊனோவில் ஏடிமெகா16யூ2 என்ற சிப் இந்த வேலையைச் செய்கிறது. மலிவாகக் கிடைக்கும் குளோன் போர்டுகளில் சீனாவின் நான்ஜிங் சின்ஹெங் நிறுவனத்தின் சிஎச்340 இருக்கும். சென்னை ரிச்சி தெருவில் 'ஒரு ஊனோ கொடுங்க' என்று கேட்டால் பெரும்பாலும் இந்த இரண்டாம் ரகம்தான் கைக்கு வரும். அதில் குறை ஒன்றும் இல்லை. அது கள்ள நகலும் இல்லை. ஏன் என்பதற்கு ஆர்டுயினோ பிறந்த கதையைப் பார்க்க வேண்டும்.

ஆர்டுயினோ 2005-இல் வட இத்தாலியின் இவ்ரேயா என்ற ஊரில் பிறந்தது. ஒலிவெட்டி தட்டச்சுப் பொறிகள் பிறந்த அதே ஊர்தான். அங்கிருந்த வடிவமைப்புக் கல்லூரியில் மாசிமோ பான்ஸி பாடம் நடத்திக்கொண்டிருந்தார். மின்னணுவியல் படிக்காத மாணவர்கள் தாங்களாகவே கருவிகள் செய்து பார்க்க, விலை குறைந்த ஒரு போர்டு வேண்டும் என்பது தேவை. டேவிட் குவார்ட்டியெல்லெஸ், டாம் ஐகோ, ஜான்லூகா மார்ட்டினோ, டேவிட் மெலிஸ் ஆகியோர் அவரோடு சேர்ந்தார்கள். அதற்கு முன்பே, 2003-இல், அதே கல்லூரியின் மாணவர் எர்னாண்டோ பர்ரகான் தன் முதுகலை ஆய்வுக்காக வயரிங் என்ற போர்டையும் மொழியையும் செய்திருந்தார். இன்று ஆர்டுயினோவில் நாம் எழுதும் கட்டளைகள் பலவும் அவர் வைத்த பெயர்கள்தான். அவருக்கு உரிய புகழ் போய்ச் சேரவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன். எப்படியிருந்தாலும், போர்டின் வரைபடத்தை இவர்கள் மூடி வைக்கவில்லை. யாரும் பார்த்துச் செய்துகொள்ளலாம், விற்கவும் செய்யலாம். ஆர்டுயினோ என்ற பெயரையும் சின்னத்தையும் போட்டு விற்பதற்குத்தான் உரிமை வேண்டும். அதனால்தான் நல்ல குளோன்களில் பெயர் வேறாக இருக்கும். பெயரும் சின்னமும் அப்படியே அச்சடித்து வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஊனோவுக்கு முந்தைய போர்டுகளில் துபாஷி வேலையைச் செய்தது ஸ்காட்லாந்து நிறுவனமான எஃப்டிடிஐயின் சிப். அதற்குப் போலிகள் ஏராளமாக வந்தன. 2014-இல் அந்த நிறுவனம் வெளியிட்ட விண்டோஸ் டிரைவர், போலிச் சிப்பைக் கண்டால் அதன் அடையாள எண்ணைப் பூஜ்யமாக மாற்றிவிட்டது. எண் போனதும் கம்ப்யூட்டருக்கு அந்தச் சிப் யாரென்றே தெரியாது, போர்டு செத்தது போலத்தான். போலி என்று தெரியாமலே வாங்கியவர்களின் கருவிகள் அப்டேட் ஆன மறுநாள் வேலை செய்யவில்லை. பெரிய கூச்சல் எழுந்து அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. பெரிய சிப் நன்றாகவே இருந்தும், துபாஷியின் பெயர் அழிந்ததால் முழுப் போர்டும் முடங்கியது.

இதற்குள் மென்பொருள் இறங்கியிருக்கும். நிறுவுங்கள். முதல் தடவை திறக்கும்போது அது தனக்குத் தேவையானதை இன்னும் கொஞ்சம் இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். டிரைவர் நிறுவட்டுமா, ஃபயர்வாலில் அனுமதி கொடுக்கலாமா என்று விண்டோஸ் நடுநடுவே கேட்கும், சரி என்று சொல்லுங்கள். அவசரப்பட்டு மூடிவிடாதீர்கள்.

இப்போது கேபிள். ஊனோவுக்குப் பொதுவாக பிரிண்டருக்கு வருகிற, முனை சதுரமான கேபிள் கொடுப்பார்கள். அதில் அவ்வளவாகப் பிரச்சினை வராது. மைக்ரோ யூஎஸ்பியோ டைப்-சியோ வைத்த குளோன் என்றால்தான் கவனம் வேண்டும். வீட்டில் கிடக்கும் கேபிள்களில் சில சார்ஜ் ஏற்றுவதற்கு மட்டுமே செய்யப்பட்டவை. யூஎஸ்பிக்கு அடிப்படையாக நாலு கம்பி வேண்டும், இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. சார்ஜ் கேபிளில் தகவல் கம்பிகளை மிச்சம்பிடித்திருப்பார்கள். செருகியதும் போர்டில் 'ஆன்' விளக்கு பளிச்சென்று எரியும். 'விளக்கு எரியுதே, அப்புறம் ஏன் வரல?' என்று மணிக்கணக்கில் டிரைவரை மாற்றி மாற்றிப் போடுவார்கள். அந்த விளக்கு சொல்வது 5 வோல்ட் வந்தது என்பதை மட்டும்தான். சந்தேகமிருந்தால் அதே கேபிளில் உங்கள் போனைக் கம்ப்யூட்டரோடு இணையுங்கள். போனில் ஃபைல் அனுப்பும் வசதி காட்டினால் கேபிள் நல்லது. சார்ஜ் மட்டும் ஏறினால் அதை ஓரமாக வையுங்கள்.

கேபிள் செருகிய பிறகு ஐடிஇயைப் பார்க்காதீர்கள். முதலில் விண்டோஸிடம் கேளுங்கள். ஸ்டார்ட் பொத்தானில் வலது கிளிக் செய்தால் டிவைஸ் மேனேஜர் இருக்கும், அதைத் திறந்து வையுங்கள். போர்டைப் பிடுங்குங்கள், மறுபடி செருகுங்கள். பட்டியலில் என்ன மாறுகிறது என்று பாருங்கள். 'போர்ட்ஸ்' என்ற தலைப்பின் கீழே புதிதாக ஒரு வரி, கடைசியில் காம் 3, காம் 5 என்று ஓர் எண்ணோடு வந்தால், துபாஷி கம்ப்யூட்டரோடு கைகுலுக்கிவிட்டது. மஞ்சள் முக்கோணத்தோடு ஏதாவது வந்தால், துபாஷி வந்து நிற்கிறது, ஆனால் அதனோடு பேச டிரைவர் இல்லை. சிஎச்340 என்றால் இணைய இணைப்போடு விட்டுவைத்தாலே பெரும்பாலும் விண்டோஸ் தானாகத் தேடிப் போட்டுக்கொள்ளும், இல்லாவிட்டால் அந்தச் சிப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுத்து நிறுவலாம். செருகினாலும் பிடுங்கினாலும் பட்டியலில் ஓர் அசைவும் இல்லை, 'டுடுங்' சத்தமும் இல்லை என்றால் டிரைவரைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கேபிளை மாற்றுங்கள், அல்லது கம்ப்யூட்டரில் வேறு துளையில் செருகிப் பாருங்கள்.

அந்தக் காம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். காம் 1 என்று ஒன்று முன்பே இருந்தால் அது பெரும்பாலும் மேசைக் கம்ப்யூட்டரின் மதர்போர்டுக்குச் சொந்தமானது, உங்களுடையது அல்ல. இன்னொரு விசித்திரம்: குளோன் போர்டை நேற்று இடது பக்கத் துளையில் செருகியபோது காம் 4 வந்திருக்கும், இன்று வலது பக்கத்தில் செருகினால் காம் 6 வரும். சிஎச்340 சிப்புக்குத் தனக்கென்று வரிசை எண் கிடையாது, அதனால் எந்தத் துளையில் வந்தது என்பதை வைத்துத்தான் விண்டோஸ் அதை அடையாளம் காண்கிறது. அசல் ஊனோவுக்கு வரிசை எண் உண்டு, எங்கே செருகினாலும் அதே காம் எண். 'நேத்து வேலை செஞ்சுது, இன்னிக்குச் செய்யல' என்ற புலம்பலில் கணிசமானவை இந்த இடத்தில் தீரும்.

லினக்ஸ்காரர்களுக்கு டிரைவர் தொல்லை இல்லை, இரண்டு வகைத் துபாஷிக்கும் கர்னலிலேயே ஏற்பாடு உண்டு. அசல் ஊனோ என்றால் டிடிஒய் ஏசிஎம் 0 என்றும், சிஎச்340 என்றால் டிடிஒய் யூஎஸ்பி 0 என்றும் பெயர் வரும். அங்கே தடை அனுமதியில்தான். உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் என்ற குழுவில் சேர்க்க வேண்டும். சேர்த்த பிறகு ஒருமுறை லாக்அவுட் செய்து திரும்பி வர வேண்டும். இதில் இரண்டாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். உபுண்டு 22.04-இல் இன்னொரு வேடிக்கை இருந்தது. பார்வையற்றோருக்கான பிரெய்ல் திரைகளை இயக்கும் பிஆர்எல்டிடிஒய் என்ற நிரல், சிஎச்340 போர்டைக் கண்டதும் தன்னுடைய கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும். பிரெய்ல் கருவி ஒன்று அதே சிப்பை, அதே அடையாள எண்ணோடு பயன்படுத்தியதுதான் காரணம். போர்டு ஒரு கணம் தோன்றி உடனே மறையும். பிரெய்ல் கருவி இல்லாத வீட்டில் அந்த நிரலை நீக்கிவிட்டால் போதும். மேக்கில் யூஎஸ்பிமோடம் அல்லது யூஎஸ்பிசீரியல் என்ற சொல் கலந்த பெயராகத் தேடுங்கள், அவ்வளவுதான்.

இனி ஐடிஇ. மேலே ஒரு நீளமான பெட்டியில் போர்டின் பெயரும் காம் எண்ணும் காட்டும். அசல் ஊனோவாக இருந்தால் அடையாள எண்ணைப் பார்த்து ஐடிஇ தானே 'ஆர்டுயினோ ஊனோ' என்று போட்டுவிடும். குளோன் என்றால் 'அன்நோன்' என்று காட்டும். இதைப் பார்த்து 'டூப்ளிகேட் மாட்டிடுச்சு' என்று பயப்பட வேண்டாம். சிஎச்340 ஊனோவிலும் இருக்கும், நானோ என்ற இன்னொரு ஆர்டுயினோ போர்டிலும் இருக்கும், ஆர்டுயினோவே இல்லாத கருவிகளிலும் இருக்கும். துபாஷியின் முகத்தைப் பார்த்து, பின்னால் இருப்பவர் யாரென்று ஐடிஇயால் எப்படிச் சொல்ல முடியும்? நீங்கள்தான் பட்டியலில் ஊனோ என்று தேடிச் சொல்ல வேண்டும். சொல்வது முக்கியம், ஏனென்றால் எந்தச் சிப்புக்காக நிரலை மொழிமாற்ற வேண்டும், அந்தச் சிப்போடு எந்த வேகத்தில் பேச வேண்டும் என்ற இரண்டையும் அந்தப் பெயரை வைத்துத்தான் ஐடிஇ முடிவு செய்கிறது.

நிரல் எழுத வேண்டாம். ஃபைல் மெனுவில் எக்ஸாம்பிள்ஸ், அதில் பேசிக்ஸ், அதில் பிளிங்க். போர்டிலேயே இருக்கும் சிறு எல்இடியை ஒரு விநாடி எரியவிட்டு ஒரு விநாடி அணைக்கும் நிரல். திறந்ததும் அம்புக்குறியை அழுத்தாதீர்கள். பக்கத்தில் இருக்கும் டிக் குறியை, அதாவது வெரிஃபையை, முதலில் அழுத்துங்கள். இதற்குப் போர்டே தேவையில்லை. எழுதியதை மெஷினுக்குப் புரியும் வடிவில் மாற்றிப் பார்க்கிறது, அவ்வளவுதான். முடிந்ததும் கீழே கணக்குச் சொல்லும். ஊனோவுக்கு பிளிங்க் 924 பைட் பிடிக்கும் என்றும், மொத்தம் 32256 பைட் உண்டு என்றும் வரும். பதிப்புக்குப் பதிப்பு முதல் எண் கொஞ்சம் மாறலாம். வெரிஃபை தாண்டிவிட்டால் எழுதியதில் இலக்கணப் பிழை இல்லை. இனி ஏற்றும்போது வரும் பிழை எல்லாம் வழியில் வருவது. இரண்டையும் தனித்தனியாகச் சோதிக்கும் இந்தப் பழக்கத்தை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள்.

32 கேபி என்றால் 32768 பைட் ஆயிற்றே, 32256 என்கிறதே, மிச்சம் 512 எங்கே என்று கேட்டால் அது நல்ல கேள்வி. அந்த 512 பைட்டில் பூட்லோடர் என்ற குட்டி நிரல் ஒன்று தொழிற்சாலையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. சிப் ரீசெட் ஆகும்போது முதலில் எழுந்திருப்பது இதுதான். எழுந்ததும் ஏறக்குறைய ஒரு விநாடி காத்திருக்கும், யாராவது புது நிரல் கொண்டு வருகிறார்களா என்று. வந்தால் வாங்கி உள்ளே எழுதும். வராவிட்டால் ஏற்கெனவே இருக்கும் நிரலை ஓடவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இது இல்லாவிட்டால் சிப்பில் நிரல் ஏற்றத் தனியாக புரோகிராமர் கருவி ஒன்று வாங்க வேண்டும். ஆர்டுயினோ சாதாரண மனிதர்கள் கைக்கு வந்ததில் இந்த அரை கேபிக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆனால் பூட்லோடர் காத்திருப்பது ஒரு விநாடிதான். சரியாக அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் பேச வேண்டும். ஆரம்ப கால போர்டுகளில் அப்லோடு அழுத்திவிட்டுக் கையால் ரீசெட்டையும் நேரம் பார்த்து அழுத்தினார்கள். பிறகு 2007-இல் வந்த டியெசிமிலா போர்டில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். துபாஷியிலிருந்து டிடிஆர் என்ற ஒரு கம்பியை, நடுவில் சின்ன மின்தேக்கி ஒன்றை வைத்து, பெரிய சிப்பின் ரீசெட் காலோடு இணைத்தார்கள். கம்ப்யூட்டர் பேச்சைத் தொடங்கும்போது அந்தக் கம்பி வழியாக ஒரு சிறு தட்டு விழும், சிப் ரீசெட் ஆகும். ஊனோவிலும் அதே ஏற்பாடுதான். போர்டு அனுப்பும் எழுத்தைக் காட்டும் சீரியல் மானிட்டரை ஐடிஇயில் திறந்தவுடன் நிரல் முதலிலிருந்து ஓடத் தொடங்குவதும் இதனால்தான், போர்டு கெட்டுப்போய் அல்ல.

இப்போது அம்புக்குறியை அழுத்தலாம். கண் போர்டின் மேல் இருக்கட்டும். ஆர்எக்ஸ், டிஎக்ஸ் என்ற இரண்டு சின்ன விளக்குகள் படபடவென்று மினுக்கினால் நிரல் போய்க்கொண்டிருக்கிறது. ஆர்எக்ஸ் விளக்கு அசையவே இல்லை, ஆனால் பிழை வந்தது என்றால், கம்ப்யூட்டர் உங்கள் போர்டோடு பேசவே இல்லை. வேறு காம் எண்ணைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், அல்லது அந்த எண் இப்போது இல்லை.

சிவப்பு எழுத்தைக் கண்டால் மிரண்டு மூடிவிடுவது வழக்கம். அதை வாசியுங்கள், கோளாறு எங்கே என்று அதிலேயே எழுதியிருக்கும். 'ஆக்சஸ் டினைட்' என்று இருந்தால் அந்தக் காம் எண்ணை வேறு ஏதோ மென்பொருள் பிடித்து வைத்திருக்கிறது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதைத் திறக்க முடியும். பெரும்பாலும் மறந்துபோய்த் திறந்துவைத்த இன்னொரு ஐடிஇ ஜன்னலோ, வேறு சீரியல் மென்பொருளோ காரணம். 'நாட் இன் சிங்க்' என்று பத்து முறை எண்ணிக் காட்டினால் கதை வேறு. துபாஷி வரை பேச்சு போய்விட்டது, பெரியவர்தான் பதில் சொல்லவில்லை. போர்டின் பெயரைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தாலும் இதே பிழை வரும். 0, 1 என்ற எண்ணிட்ட துளைகளில் ஏதாவது ஒயர் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். துபாஷியும் பெரிய சிப்பும் பேசிக்கொள்வது அந்த இரண்டு கால்கள் வழியாகத்தான். அங்கே ப்ளூடூத் மாட்யூலை மாட்டிவிட்டு அப்லோடு செய்தால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசி யார் சொல்வதும் கேட்காமல் போகும். கழற்றிவிட்டு ஏற்றுங்கள், பிறகு மாட்டிக்கொள்ளுங்கள்.

நானோ வாங்கியவர்களுக்கு இதே பிழை வேறு காரணத்தால் வரும். கடைகளில் கிடைக்கும் நானோ குளோன்களில் பலவற்றில் பழைய பூட்லோடர் இருக்கிறது. புதியது 115200 என்ற வேகத்தில் பேசும், பழையது 57600-இல். டூல்ஸ் மெனுவில் புராசசர் என்ற இடத்தில் 'ஓல்டு பூட்லோடர்' என்று ஒன்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த நொடியே வேலை செய்யும். இது தெரியாமல் நல்ல போர்டைக் கடையில் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு.

ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எல்இடி இரண்டு விநாடிக்கு ஒருமுறை மினுக்குகிறது. சந்தோஷப்படுவதற்கு முன்னால் ஒன்று யோசியுங்கள். புதுப் போர்டுகள் பலவற்றில் கடையிலிருந்து வரும்போதே பிளிங்க் நிரல் ஏற்றப்பட்டிருக்கும். நீங்கள் ஏற்றியது மினுக்குகிறதா, ஏற்கெனவே இருந்தது மினுக்குகிறதா? நிரலில் டிலே என்ற வரி இரண்டு இடத்தில் வரும், அடைப்புக்குறிக்குள் 1000 என்று இருக்கும். ஆயிரம் மில்லிசெகண்ட், அதாவது ஒரு விநாடி. இரண்டையும் 100 ஆக்கி மறுபடி ஏற்றுங்கள். மினுக்கல் பத்து மடங்கு வேகமானால்தான் கணக்கு சரி. நிரலில் செட்அப் என்ற பகுதி ஒரே ஒருமுறை ஓடும், லூப் என்ற பகுதி மின்சாரம் இருக்கும்வரை திரும்பத் திரும்ப ஓடும். முதல் நாளைக்கு இந்த அளவு இலக்கணம் போதும்.

இப்போது கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி, போன் சார்ஜரில் செருகிப் பாருங்கள். அங்கேயும் அதே வேகத்தில் மினுக்கும். நிரல் சிப்புக்குள் எழுதப்பட்டுவிட்டது, மின்சாரம் போனாலும் அழியாது. கம்ப்யூட்டர் எழுதுவதற்கு மட்டும்தான், ஓடுவதற்கு அல்ல என்பதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட இப்படிக் காட்டிவிடுவது மேல்.

ஒரு எச்சரிக்கை. போர்டைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஈயம் வைத்த முனைகள் அத்தனையும் திறந்து கிடக்கும். எவர்சில்வர் தட்டின் மேலோ, லேப்டாப்பின் உலோக மூடியின் மேலோ வைத்து மின்சாரம் கொடுத்தால் ஷார்ட் ஆகும். ஊனோவின் யூஎஸ்பி வழியில் 500 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் தானே துண்டித்து, ஆறியதும் தானே சேர்ந்துகொள்ளும் ஃபியூஸ் ஒன்று உண்டு, அது கம்ப்யூட்டரைக் காப்பாற்றும். ஆனால் சிப்பின் கால்களை அது காப்பாற்றாது. ஒரு காலிலிருந்து 20 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது. எல்இடி என்றால் ரெசிஸ்டர் வைத்து எரியுங்கள், மோட்டாரை நேராக மாட்டவே மாட்டாதீர்கள்.

அடுத்து எழுத்து வரவழைத்துப் பார்க்கலாம். சீரியல் மானிட்டர் என்பது பூதக்கண்ணாடிப் படத்தோடு வலது மேல் மூலையில் இருக்கும். நிரலில் சீரியல் பிகின் என்ற கட்டளைக்கு 9600 கொடுத்திருந்தால் மானிட்டரின் ஓரத்திலும் 9600 இருக்க வேண்டும். இரண்டும் வேறாக இருந்தால் எழுத்துக்குப் பதில் கட்டமும் கேள்விக்குறியுமாகக் கொட்டும். பார்த்ததும் போர்டு பழுது என்று தோன்றும், எண்ணை மாற்றியதும் தெளிந்துவிடும்.

ஊனோ பழகியபின் வேறு போர்டுக்குப் போனால், அங்கே துபாஷி யார் என்று முதலில் கேளுங்கள். 2021 ஜனவரியில் 4 டாலருக்கு வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோவில் துபாஷியே இல்லை, பெரிய சிப்புக்கே யூஎஸ்பி தெரியும். பூட்செல் பொத்தானை அழுத்தியபடியே செருகினால் பென்டிரைவ் போலக் கம்ப்யூட்டரில் தோன்றும், நிரல் கோப்பை அதில் இழுத்துப் போட வேண்டியதுதான். 2023-இல் வந்த ஊனோ ஆர்4 மினிமாவிலும் அப்படியே, சிப்பே நேராகப் பேசும். வைஃபை வேண்டும் என்று பலரும் அடுத்து வாங்கும் ஈஎஸ்பி32 போர்டுகளில் பெரும்பாலும் துபாஷி உண்டு, சிஎச்340 அல்லது சிபி2102. டிவைஸ் மேனேஜரில் பார்க்கும் அதே வித்தை அங்கேயும் செல்லும். ஐடிஇயின் போர்டுஸ் மேனேஜரில் எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் தொகுப்பைச் சேர்க்க வேண்டும். சில நூறு எம்பி இறங்கும், வைஃபை உள்ள இடத்தில் செய்யுங்கள். ஏற்றும்போது 'கனெக்டிங்' என்று போட்டுப் புள்ளி புள்ளியாக ஓடிக்கொண்டே இருந்தால், அந்தப் போர்டில் தானாக ரீசெட் ஆகும் ஏற்பாடு சரியாக இல்லை. புள்ளி ஓடும்போதே பூட் என்ற பொத்தானை அழுத்திப் பிடித்து, சதவீதக் கணக்கு ஓடத் தொடங்கியதும் கையை எடுங்கள்.